கிர்காவ் சௌபாத்தியில் துப்பாக்கிக் குழலை விடாத கை: துக்காராம் ஓம்ப்ளே நினைவு

வைகைக்கரை | நவம்பர் 26, 2025, காலை 6:40

பாகிஸ்தானிலிருந்து வந்த பத்துத் தீவிரவாதிகள் மும்பையைத் தாக்கி இன்றோடு 17 வருடம் ஆகிறது. ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் தாஜ் ஓட்டலின் மேல்மாடத்தில் புகை கிளம்பும் படம்தான் எங்கே பார்த்தாலும் வரும். எனக்கு நினைவுக்கு வருவது வேறு இடம். மும்பையில் மெரின் டிரைவ் முடியும் பக்கம், கிர்காவ் சௌபாத்தி கடற்கரை ஓரமாக, நள்ளிரவு தாண்டிய நேரத்தில் இரும்புத் தடுப்பு போட்டு நின்ற டி.பி. மார்க் காவல் நிலையத்துக் காவலர்கள். அவர்களில் ஒருவர் துக்காராம் கோபால் ஓம்ப்ளே. பதவி, உதவி சப்-இன்ஸ்பெக்டர்.

அவர் பெயரைக் கேட்டால் "ஆமாம், கசாப்பைப் பிடித்தவர்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறோம். கொஞ்சம் விரிவாகப் பேசலாம் என்றுதான் இந்த இழை.

சாத்தாரா மாவட்டம், ஜாவளி வட்டத்தில் கேடம்பே என்ற சின்ன ஊர். அங்கே பிறந்தவர். முதலில் ராணுவம், சிக்னல் படைப்பிரிவு. நாயக் நிலையில் ஓய்வு பெற்று வந்து, 1991-ல் மும்பை போலீசில் சேர்ந்தார். ராணுவத்தில் ஒரு வேலைக்காலம் முழுவதையும் முடித்துவிட்டு, மறுபடியும் அடிமட்டத்திலிருந்து காக்கி போட்டவர். 2008-ல் அந்தத் தடுப்பில் நின்றபோது இரண்டு சீருடையும் சேர்த்து எத்தனை இரவுப் பணி பார்த்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த இரவில் நடந்தது சுருக்கமாக. சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் சுட்டுவிட்டு, வந்தவர்களில் இருவரான கசாப்பும் இஸ்மாயில் கானும் காமா மருத்துவமனைப் பக்கம் போனார்கள். அங்கிருந்து வெளியே வந்த சந்தில் போலீஸ் அதிகாரிகள் ஹேமந்த் கர்க்கரே, அசோக் காம்டே, விஜய் சலஸ்கர் மூவரும் வந்த குவாலிஸ் வண்டியைச் சுட்டு, அதையே எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். டயர் போனதும் மாநிலத் தலைமைச் செயலகமான மந்திராலயா பக்கத்தில் ஒரு ஸ்கோடா காரை மடக்கிப் பறித்து, கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தார்கள். கார் பற்றிய தகவல் வயர்லெஸ்ஸில் வந்துவிட்டது. சௌபாத்தியில் நின்றவர்கள் அதற்காகக் காத்திருந்தார்கள்.

கார் தடுப்புக்கு ஏறக்குறைய ஐம்பது அடி முன்னாலேயே நின்றது. முகப்பு விளக்கை முழுசாக எரியவிட்டு, கண்ணாடியில் தண்ணீரைப் பீய்ச்சி வைப்பரையும் ஓட்டினார்கள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியக்கூடாது. விளக்கை அணைக்கச் சொல்லிப் போலீஸ் கத்தியது. கார் திரும்பி ஓடப் பார்த்து சாலை நடுத் தடுப்பில் மாட்டிக்கொண்டது. துப்பாக்கிச் சூட்டில் ஓட்டிவந்த இஸ்மாயில் விழுந்தான். இடப்பக்கக் கதவைத் திறந்து இறங்கினான் கசாப், சரணடைவது மாதிரி. கையில் ஏ.கே.47.

ஓம்ப்ளே கையில் லத்திதான் இருந்தது. நேராக ஓடிப்போய் அந்தத் துப்பாக்கியின் குழலைப் பிடித்தார். வயிற்றில் சுட்டான். அவர் விடவில்லை. அந்த நேரத்துக்குள் மற்றவர்கள் பாய்ந்து கசாப்பை அடித்து வீழ்த்திவிட்டார்கள். உயிரோடு பிடிபட்டவன் அவன் ஒருத்தன்தான். வந்தவர்கள் 10 பேர், மற்ற 9 பேரும் செத்தார்கள்.

ஓம்ப்ளேயை ஹர்கிசன்தாஸ் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தங்கவில்லை.


மாட்டுங்கா_மணி | காலை 7:15

வைகைக்கரை அண்ணா, காலையில் முதல் வேலையாக இதைப் படித்தேன். நான் 2003 முதல் மும்பை. அன்று இரவு என் தம்பி ஊரிலிருந்து சி.எஸ்.டி.க்கு வந்து இறங்க வேண்டியவன். மூட்டை அதிகம் என்று நான் தாதருக்கே வரச்சொல்லியிருந்தேன். அங்கே அவனை இறக்கி வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் டி.வி. போட்டோம். அம்மா ஊரிலிருந்து விடிய விடிய போன் பண்ணிக்கொண்டே இருந்தார்கள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பேசிய பிறகும் நம்பவில்லை.

சி.எஸ்.டி.யில் இன்னும் பெரிய சேதம் ஆகாமல் போனதற்கு விஷ்ணு ஜெண்டே என்ற அறிவிப்பாளரும் ஒரு காரணம். மேலே அறிவிப்பு அறையில் உட்கார்ந்துகொண்டு, மெயின் ஹால் பக்கம் வராதீர்கள், பின்பக்க வாசல் வழியாக வெளியேறுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார். இந்த ஊரில் அவர் பெயரைச் சொன்னால் இன்றும் தெரியும்.

சௌபாத்தியில் ஓம்ப்ளேவுக்குச் சிலை இருக்கிறது. பிரேரணா ஸ்தல் என்று பெயர். சாயங்காலம் வேலை முடிந்து அங்கே போகலாம் என்று இருக்கிறேன்.


கொங்குத்தங்கம் | காலை 7:52

மரியாதைக்குரிய மனிதர். ஆனால் எனக்கு ஒரு ஆத்திரம் அடங்கவே மாட்டேன் என்கிறது. அவர் உயிரைக் கொடுத்துப் பிடித்தவனை நாலு வருடம் சிறையில் பிரியாணி போட்டு வளர்த்தார்கள். அங்கேயே முடித்திருக்க வேண்டாமா?


செங்காந்தள் | காலை 8:30

கொங்குத்தங்கம், உங்கள் ஆத்திரம் புரிகிறது. பிரியாணி விஷயத்தை மட்டும் முதலில் முடித்துவிடுவோம். அப்படி எதுவும் நடக்கவில்லை. அரசுத் தரப்பு வழக்கறிஞர் உஜ்வல் நிகமே 2015-ல் ஒரு கூட்டத்தில் அதைத் தான் உருவாக்கிச் சொன்னதாக ஒப்புக்கொண்டார். கசாப் மீது அனுதாபம் கிளம்பிவிடக் கூடாது என்று சொன்னாராம். அது ஊர் ஊராகப் பரவி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி முக்கியமான விஷயம். நான் வழக்கறிஞர், இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவன் அங்கேயே செத்திருந்தால் நம் கையில் என்ன இருந்திருக்கும்? பத்துப் பிணங்கள். அவர்களிடம் இருந்தது இந்தியக் கல்லூரி அடையாள அட்டை, இந்துப் பெயரில். கசாப்பின் அட்டையில் சமீர் சௌத்ரி என்று போட்டிருந்தது. எங்கிருந்து வந்தார்கள், யார் அனுப்பினார்கள் என்பதற்கு நேரடியாகப் பதில் சொல்ல ஒரு வாயும் இருந்திருக்காது. எங்களுக்குச் சம்பந்தமே இல்லை என்று அந்தப் பக்கம் கை விரித்துவிட்டுப் போயிருக்கும். உயிரோடு ஒருத்தன் இருந்ததால்தான் அவன் தன் நாட்டவன் என்று 2009 ஜனவரியில் பாகிஸ்தான் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. அடுத்த மாதமே சதியின் ஒரு பகுதி தங்கள் மண்ணில் நடந்தது என்றும் ஒப்புக்கொண்டார்கள்.

அப்புறம் வழக்கு. ஆர்தர் ரோடு சிறைக்குள்ளேயே தனி நீதிமன்றம், நீதிபதி தஹலியானி. காலில் குண்டடி பட்ட ஒரு சிறுமி ஊன்றுகோலோடு வந்து அவனை அடையாளம் காட்டினாள். 2010 மே 6-ல் மரண தண்டனை. 2011 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது, 2012 ஆகஸ்ட் 29-ல் உச்ச நீதிமன்றம். கருணை மனு தள்ளுபடியாகி, நவம்பர் 21-ல் புனேயின் எரவாடா சிறையில் தூக்கு. உலகமே பார்க்க, அவனுக்கும் வக்கீல் கொடுத்து, சாட்சியை விசாரித்துக் கொடுத்த தண்டனை.

பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. கைதாகி முதல்முறை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்படும் யாருக்கும், "உனக்கு வக்கீல் வைக்க உரிமை உண்டு, வசதி இல்லையென்றால் அரசு செலவில் வைத்துத் தருவோம்" என்று மாஜிஸ்திரேட்டே சொல்லியாக வேண்டும் என உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பில்தான் அழுத்தமாக எழுதியது. இன்று ஏதோ ஒரு ஊரில் ஒரு ஏழைப் பையனை ரிமாண்டுக்குக் கொண்டுவரும்போது நான் அதை எடுத்துக் காட்டி வாதாடுகிறேன். அந்தத் தீர்ப்பு எழுதப்படக் காரணமே சௌபாத்தியில் ஒருவர் பிடியை விடாததுதான் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.


கொங்குத்தங்கம் | காலை 8:58

பிரியாணி விஷயம் தெரியாமல் சொல்லிவிட்டேன். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். என் வீட்டு வாட்ஸ்அப் குழுவிலும் இதைப் போடுகிறேன், அங்கேதான் நான் கேள்விப்பட்டது.

அந்த நேரத்தில் அங்கே நின்ற போலீஸ்காரர்களுக்கு இதெல்லாம் தோன்றியிருக்குமா? கூட நின்றவர் கண் முன்னால் விழுகிறார். யாருக்குமே அடித்துக் கொல்லத்தானே தோன்றும்?


வைகைக்கரை | காலை 9:20

தோன்றியது. அடி பயங்கரமாக விழுந்திருக்கிறது. சஞ்சய் கோவில்கர் என்ற அதிகாரியும் அதே இடத்தில் குண்டுக்காயம் பட்டவர். அவர்தான் சகாக்களைத் தடுத்து, கொன்றுவிடாதீர்கள், அவன் நமக்குச் சாட்சி என்று நிறுத்தினார் எனப் பதிவாகியிருக்கிறது. இஸ்மாயிலைச் சுட்டவர்களில் ஹேமந்த் பாவ்தன்கரும் பாஸ்கர் கதமும் உண்டு. ஓம்ப்ளேயைப் பற்றிப் பேசும்போது இந்தப் பெயர்களும் கூடவே வரவேண்டும் என்பது என் ஆசை. பிடித்தது ஒருவர் கை. அந்தப் பிடியை வீணாக்காமல் பார்த்துக்கொண்டது மொத்தக் கூட்டமும்.


ஓய்வு_ஏட்டையா | காலை 10:05

எல்லோருக்கும் வணக்கம். 34 வருடம் தமிழ்நாடு காவல்துறை, எஸ்.எஸ்.ஐ.யாக, அதாவது சிறப்பு சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். பதவி போன பிறகும் ஊரில் ஏட்டையா என்றே கூப்பிடுகிறார்கள், பெயரும் அதுவே ஆகிவிட்டது.

உதவி சப்-இன்ஸ்பெக்டர் என்றால் என்ன என்று வெளியாட்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. நேரடியாகத் தேர்வு எழுதி ஸ்டார் போட்டுக்கொண்டு வருபவர் இல்லை. கான்ஸ்டபிளாகச் சேர்ந்து படிப்படியாக ஏறுபவர். எங்கள் பக்கம் என் காலத்தில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தால் 10 வருடத்தில் முதல் நிலை, 15-ல் ஏட்டு, 25-ல் எஸ்.எஸ்.ஐ. அதாவது அந்தத் தோள்பட்டையைப் பார்த்தாலே முடி நரைத்த ஆள் என்று அர்த்தம். ஸ்டேஷனில் யார் வீட்டில் என்ன பிரச்சினை, எந்தச் சந்தில் எந்த நாய் குரைக்கும் என்பதுவரை தெரிந்தவர். புதிதாக வரும் எஸ்.ஐ. முதல் ஆறு மாதம் இவரைக் கேட்காமல் ஒரு முடிவும் எடுக்க மாட்டார்.

வாகனத் தணிக்கை பார்ப்பவர்களுக்குச் சும்மா நிற்பது மாதிரித் தெரியும். நான் நின்றிருக்கிறேன், மழையிலும் மார்கழியிலும். வண்டி வரும் வேகம், விளக்கு, டிரைவர் முகம், பின்சீட்டில் எத்தனை தலை என்று கண் ஓடிக்கொண்டே இருக்கும். நிறைய வண்டி உன்னைத் திட்டிவிட்டுப் போகும். ஆயிரத்தில் ஒன்று வேறு மாதிரி இருக்கும். தடுப்புக்கு நாற்பது ஐம்பது அடி தூரத்திலேயே ஒரு கார் நின்று, விளக்கைக் குறைக்காமல், மழையே இல்லாமல் வைப்பர் ஓடுகிறது என்றால், அனுபவப்பட்டவனுக்கு வயிற்றில் ஏதோ செய்யும். ஓம்ப்ளேவுக்கும் செய்திருக்கும். வயர்லெஸ் மைக்கில் கேட்டுக்கொண்டே நின்றவர்கள் அவர்கள். பெரிய அதிகாரிகள் விழுந்துவிட்டார்கள் என்ற செய்தி ஊர் முழுக்கப் போய்க்கொண்டிருந்த நேரம். வருவது யார் என்று தெரிந்தேதான் நின்றார்கள். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். தெரியாமல் போய் மாட்டிக்கொண்டவர் இல்லை அவர்.

இன்னொன்று. ஆயுதம் வைத்திருப்பவனை வெறுங்கையால் மடக்க எங்களுக்குப் பயிற்சியில் ஒரு பாடம் உண்டு. குழலை உன் உடம்பிலிருந்து தள்ளு, அப்புறம் பிடி. தள்ள அவருக்கு நேரம் இருந்திருக்காது. பிடித்த மாத்திரத்தில் அது அவர் வயிற்றுக்கு நேராக இருந்தது. ஏ.கே. குழல் சுடச்சுடக் கொதிக்கும், சாதாரணமாகக் கை வைக்க முடியாது. பட்டாளத்தில் இருந்தவனுக்கு அந்தத் துப்பாக்கி என்ன செய்யும் என்று நம்மைவிட நன்றாகத் தெரியும். தான் விட்டால் பின்னால் நிற்கும் பயல்களுக்குப் போகும் என்றும் தெரியும்.


இளவேனில் | காலை 10:31

ஐயா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். நான் எஸ்.ஐ. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். பொது அறிவுக் குறிப்பில் "அசோக் சக்ரா 2009: துக்காராம் ஓம்ப்ளே" என்று ஒரு வரி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், அவ்வளவுதான். அந்த விருதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியுமா?


வைகைக்கரை | காலை 10:50

அசோக் சக்ரா போர்க்களத்துக்கு வெளியே காட்டும் வீரத்துக்கு நாட்டின் மிக உயர்ந்த விருது, தங்கச்சி. போரில் பரம்வீர் சக்ரா எப்படியோ அப்படி. 2009 குடியரசு தினத்தில் மும்பைத் தாக்குதலுக்காக ஓம்ப்ளே, கர்க்கரே, காம்டே, சலஸ்கர் ஆகியோருக்கும், தேசியப் பாதுகாப்புப் படையின் மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணன், ஹவில்தார் கஜேந்தர் சிங் இருவருக்கும் கொடுத்தார்கள். எல்லாமே மறைவுக்குப் பின். டெல்லி ராஜபாட்டையில் குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீல் கையிலிருந்து குடும்பத்தினர் வாங்கினார்கள்.

ஒரு கூடுதல் ஆணையர், ஒரு இணை ஆணையர், அவர்களோடு ஒரே வரிசையில் ஒரு ஏ.எஸ்.ஐ. மாதச் சம்பளத்தில் இவர்களுக்குள் எவ்வளவு தூரம் என்று ஏட்டையாவைக் கேளுங்கள்.


ஓய்வு_ஏட்டையா | காலை 11:02

சம்பளத்தை விடுங்கள் தம்பி. அந்த வரிசையில் எங்கள் ஆள் ஒருவர் பெயரைக் கேட்டதே போதும்.

ஒரு நினைவு. வருடா வருடம் அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாள். 1959-ல் லடாக்கில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் சீனப் படை சுட்டு நம் காவலர்கள் 10 பேர் இறந்த நாள் அது. மாவட்டம்தோறும் ஆயுதப்படை மைதானத்தில் நினைவுத்தூண் முன்னால் நிற்போம். துப்பாக்கியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்து, தலை குனிந்து. அந்த ஒரு வருடத்தில் நாடு முழுக்கப் பணியில் இறந்தவர்கள் பெயரை வாசிப்பார்கள். நீளமான பட்டியல். வெயில் ஏறும், காலில் ரத்தம் இறங்கும், ஆனால் யாரும் அசைய மாட்டார்கள்.

2009 அக்டோபரில் மகாராஷ்டிரா வந்தபோது எனக்கு முன் வரிசையில் நின்ற ஒரு எஸ்.எஸ்.ஐ.யின் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். அவர் மும்பையை வாழ்நாளில் பார்த்ததில்லை.


கொங்குத்தங்கம் | காலை 11:40

ஏட்டையா, இதைப் படித்த பிறகு ஒரு கேள்வி கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். லத்தியை வைத்துக்கொண்டு ஏ.கே.47 முன்னால் நின்றதை நாம் வீரம் வீரம் என்று கொண்டாடிக்கொண்டே இருக்கிறோம். அவர் கையில் ஏன் லத்தி மட்டும் இருந்தது என்று யாராவது கேட்டார்களா?


செங்காந்தள் | காலை 11:58

கேட்டார்கள். மகாராஷ்டிர அரசு ராம் பிரதான் தலைமையில் இரண்டு பேர் குழு அமைத்தது. கூட வி. பாலச்சந்திரன், உளவுத்துறையில் இருந்தவர். 2009-ல் அறிக்கை கொடுத்தார்கள். சுட்டுப் பழகக்கூடத் தோட்டா போதவில்லை, நவீன ஆயுதமும் பாதுகாப்புக் கவசமும் போதவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கிறது. சி.எஸ்.டி.யில் பழைய .303 ரைபிளும் லத்தியும் வைத்துக்கொண்டுதான் ரயில்வே போலீஸ் நின்றது. இன்ஸ்பெக்டர் சசாங்க் ஷிண்டே அங்கே இறந்தார். ஜில்லு யாதவ் என்ற ரயில்வே பாதுகாப்புப் படைக்காரர், சுடாமல் நின்ற இன்னொருவர் கையிலிருந்த ரைபிளை வாங்கிச் சுட்டார். நாற்காலியைத் தூக்கி எறிந்தும் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் மும்பையில் ஃபோர்ஸ் ஒன் என்ற தனிப் படை வந்தது. தேசியப் பாதுகாப்புப் படை டெல்லி அருகே மானேசரிலிருந்து கிளம்பி விமானம் ஏறி வந்து சேர அன்று விடிந்துவிட்டது. அதனால் 2009-ல் மும்பை, சென்னை, ஹைதராபாத், கொல்கத்தாவில் அதற்கு மையங்கள் திறந்தார்கள். சென்னை மையத்துக்குப் பின்னால் இருக்கும் கதை இதுதான்.


ஓய்வு_ஏட்டையா | மதியம் 12:25

கொங்குத்தங்கம் தம்பி கேட்டது சரியான கேள்வி. தவறாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஸ்டேஷன் காவலர் ஒவ்வொருவர் கையிலும் துப்பாக்கி இருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். தினமும் ஜனங்களோடு பேசுபவனுக்கு லத்தியே அதிகம். ஆனால் தணிக்கை நிற்கும் இடத்தில், அதுவும் அப்படிப்பட்ட இரவில், கவசமும் ஆயுதமும் இருந்தே ஆகவேண்டும். 2020 ஜனவரியில் களியக்காவிளை சோதனைச் சாவடியில் எஸ்.எஸ்.ஐ. வில்சனைச் சுட்டுக் கொன்றார்கள். தனியாக நின்ற மனிதர். அன்றைக்கும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது சௌபாத்திதான். ஊர் வேறு, மொழி வேறு. வேலை ஒன்று, வயதும் கிட்டத்தட்ட ஒன்று.

அவருடைய வீரத்தைப் போற்றுவதும், அவரை அப்படி நிற்கவிட்டதைக் கேள்வி கேட்பதும் ஒரே வாயால் செய்ய வேண்டிய காரியம். ஒன்றைச் செய்தால் மற்றது கெட்டுப்போகும் என்று எங்கள் துறையில் சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.


காட்டுப்பூச்சி | மதியம் 1:10

இழையின் போக்கை மாற்றுகிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்குச் சிலந்திகளைப் பிடித்துப் படம் எடுக்கும் பழக்கம் உண்டு. அந்த வழியாகத்தான் எனக்கு ஓம்ப்ளேயைத் தெரியும்.

2021-ல் மகாராஷ்டிராவில் தானே - கல்யாண் பகுதியில் கண்டுபிடித்த ஒரு குதிக்கும் சிலந்திக்கு ஆய்வாளர்கள் ஐசியஸ் துக்காராமி என்று பெயர் வைத்தார்கள். அவருடைய பெயர்தான். பெயர்க் காரணத்தை ஆய்வுக் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள்.

குதிக்கும் சிலந்தி வலை பின்னிக் காத்திருக்காது. இரையைக் கண்ணால் பார்த்து, தூரத்தைக் கணக்குப் போட்டு, ஒரே பாய்ச்சலில் போய்ப் பிடிக்கும். பிடித்தால் விடாது. பெயர் வைத்தவர்கள் அதை நினைத்து வைத்தார்களோ இல்லையோ, எனக்கு அப்படித்தான் படுகிறது. சிலை உடையலாம், சாலைக்குப் பெயர் மாற்றலாம். உயிரினத்துக்கு ஒருமுறை வைத்த அறிவியல் பெயர், விதிப்படி சரியாக இருந்தால், உலகத்தில் எந்த மொழிக்காரன் எழுதினாலும் அதேதான். ரஷ்யாவிலோ பிரேசிலிலோ ஒரு மாணவன் அந்தச் சிலந்தியைப் பற்றி எழுதினால் துக்காராம் என்று எழுதித்தான் ஆகவேண்டும்.


இளவேனில் | மதியம் 1:24

இது எந்தக் குறிப்பிலும் இல்லை! என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.


மாட்டுங்கா_மணி | மதியம் 1:45

காட்டுப்பூச்சி, கல்யாண் பக்கம்தான் என் மச்சான் வீடு. இனி அங்கே சுவரில் சிலந்தி பார்த்தால் அடிக்க மனசு வராது.

கேடம்பேயில் அவருக்கு நினைவிடம் கட்ட இந்த வருடம் மகாராஷ்டிர அரசு 13 கோடிக்கு மேல் ஒதுக்கியிருக்கிறது. சாத்தாரா பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கும் ஊர்கள் உண்டு. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் அந்த மாவட்டம். ஓம்ப்ளே பெயரைச் சொன்னால் "ஆம்ச்சா மாணூஸ்" என்பார், எங்க ஆளு என்று. வேறு எதுவும் பேச மாட்டார். கண் கலங்கிவிடும்.


வைகைக்கரை | மதியம் 2:30

சில இடங்களில் அவர் 40 குண்டு வாங்கினார், 23 குண்டு வாங்கினார் என்று படம் போட்டுப் பகிர்கிறார்கள். அன்போடு செய்வதுதான், தெரியும். தயவுசெய்து அதை இந்த இழையில் போட வேண்டாம். எண்ணிக்கையைக் கூட்டினால்தான் அவர் செய்தது பெரிதாகும் என்றில்லை. ஒரு குண்டு பட்டாலே கை தானாக விட்டுவிடும். அவர் விடவில்லை, அவ்வளவு போதும்.

அருண் ஜாதவ் பற்றியும் ஒரு வார்த்தை. கர்க்கரே வந்த குவாலிஸின் பின்பகுதியில் குண்டுக்காயத்தோடு, சகாக்களின் உடல்களுக்கு நடுவில் அசையாமல் கிடந்த கான்ஸ்டபிள். முன்னால் இஸ்மாயில் ஓட்ட, கசாப் உட்கார்ந்து வர, அதே வண்டியில் இவரும் போனார். அவர்கள் வண்டியைக் கைவிட்டுப் போனதும் வயர்லெஸ்ஸை எடுத்து அதிகாரிகள் விழுந்துவிட்ட செய்தியைச் சொன்னவர் இவர்தான். அன்று இரவு சின்னப் பதவிக்காரர்கள் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குச் செய்தியைக் கொடுத்துக் கொடுத்துத்தான் சௌபாத்தி வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஓம்ப்ளே சிக்னல் படைப்பிரிவில் இருந்தவர். வயர்லெஸ்ஸில் ஒரு வரி வந்தால் அதற்கு என்ன மதிப்பு என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.


கொங்குத்தங்கம் | மாலை 4:15

குடும்பத்துக்கு என்ன ஆயிற்று? சொல்லலாம் என்றால் சொல்லுங்கள்.


வைகைக்கரை | மாலை 4:32

மனைவியும் நான்கு மகள்களும். அதற்கு மேல் அவர்கள் வாழ்க்கை அவர்களுடையது, இங்கே அலச வேண்டாம் என்று நினைக்கிறேன்.


கொங்குத்தங்கம் | மாலை 4:36

சரிதான். கேட்டதை விட்டுவிடுங்கள்.


ஓய்வு_ஏட்டையா | மாலை 5:50

என் வீட்டுக்காரம்மா இந்த இழையைப் படித்துவிட்டு ஒன்று சொன்னாள், எழுதச் சொன்னாள். நான் நைட் டூட்டிக்குப் போகும் நாட்களில் அவள் 34 வருடமாகச் செய்த காரியம் ஒன்று. காலையில் என் செருப்புச் சத்தம் கேட்கிற வரைக்கும் வாசல் விளக்கை அணைக்க மாட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகும் கொஞ்ச நாள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, பழக்கம். அந்த வீட்டில் அன்று காலை யார் விளக்கை அணைத்தார்களோ என்றாள். எனக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை.


மாட்டுங்கா_மணி | இரவு 9:20

போய்விட்டு வந்தேன். சர்னி ரோடு ஸ்டேஷனில் இறங்கி நடந்தேன். கடல் அமைதியாக இருந்தது, நல்ல கூட்டம். பேல்பூரிக் கடையில் ஆள் நிற்க இடமில்லை. சிலைக்கு நிறைய மாலை போட்டிருந்தார்கள், முகம் பாதி மறைந்துவிட்டது. சாமந்தியும் ரோஜாவும். காலடியில் யாரோ மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள், கடல் காத்துக்கு அணைந்து அணைந்து போனது. ஒரு சின்னப் பையன் அப்பாவிடம் தீப்பெட்டி வாங்கித் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தான்.

நான் ஒரு முழம் பூ வாங்கிப் போனேன். மாலைகளுக்கு மேல் வைக்க இடமில்லாததால் ஓரமாக வைத்தேன். இங்கே எழுதியவர்கள் எல்லோர் சார்பாகவும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ஏட்டையா வீட்டம்மா சார்பாகவும்.

கொஞ்ச நேரம் கழித்து இரண்டு காவலர்கள் வந்தார்கள். ஒருவருக்கு வயது ஐம்பது தாண்டியிருக்கும், மற்றவர் சின்னப் பையன். சிலைக்கு முன்னால் நின்று சல்யூட் அடித்துவிட்டு, சாலை ஓரம் சாத்தி வைத்திருந்த இரும்புத் தடுப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துக் குறுக்கே போட ஆரம்பித்தார்கள். பெரியவர் எங்கே நிற்க வேண்டும் என்று சின்னவருக்குக் கையைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.


ஓய்வு_ஏட்டையா | இரவு 9:41

மணி தம்பி, படம் எடுத்திருந்தால் போடுங்கள். வீட்டில் பார்க்கக் கேட்கிறார்கள்.


மாட்டுங்கா_மணி | இரவு 9:48

எடுக்கவில்லை ஐயா, தோன்றவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பகலில் போய் எடுத்துப் போடுகிறேன். அதற்குள் மாலையெல்லாம் எடுத்திருப்பார்கள், முகம் நன்றாகத் தெரியும்.